உலக்கையை ஒரு சாதாரணப் புதன்கிழமையில் நிறுத்திப் பாருங்கள்

சேலம் மாவட்டப் பள்ளிகளில் அறிவியல் மன்றங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

பிப்ரவரி 28 வந்தால் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட அந்த நாளைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். கண்காட்சி, வினாடி வினா, பேச்சுப் போட்டி எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். பேச்சுப் போட்டிக்கு ‘மூடநம்பிக்கையை ஒழிப்போம்’ என்ற தலைப்பு எப்படியும் வந்து சேரும். மேடையேறும் பிள்ளை பூனை, பல்லி, ராகுகாலம் மூன்றையும் மூன்று நிமிடத்தில் ஒழித்துக்கட்டி, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கும். அடுத்த மாதம் பொதுத் தேர்வு. கணக்குத் தேர்வை எந்தப் பேனாவால் எழுதியபோது நன்றாக வந்ததோ அதே பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு, அதே பிள்ளை அறிவியல் தேர்வுக்குப் போகும்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. அந்தப் பேனாவைப் பற்றி அதனிடம் யாரும் பேசியதில்லை என்பதுதான் என் வருத்தம். ‘இது பொய்’ என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். பொய் என்றால் இத்தனை பேர், அதுவும் படித்தவர்கள், ஏன் நம்புகிறார்கள் என்ற கேள்வியை மட்டும் தொடுவதே இல்லை. ‘அறியாமை’ என்ற ஒற்றைச் சொல்லால் அதை மூடிவிடுகிறோம். ராக்கெட்டின் மாதிரியை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போய்விட்டு வரும் விஞ்ஞானிகளுக்கு எந்தப் பாடம் தெரியாது?

என் பிழைப்பு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது. அதனால் எலுமிச்சம்பழத்திலிருந்து தொடங்குகிறேன். புது வண்டி வந்தால் நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்து நசுக்காமல் எங்கள் ஊரில் யாரும் கிளப்பமாட்டார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள். லீ பஜாரிலிருந்து ஊருக்குள்ளேயே மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்குத் தினமும் யாரும் பழம் நசுக்குவதில்லை. வடக்கே நீண்ட பயணம் கிளம்பும் வண்டிக்குக் கற்பூரம் உண்டு, பூசணிக்காய் உண்டு, முகப்பில் புதுக் கறுப்புக் கயிறு உண்டு. திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் பாரத்தோடு இறங்க வேண்டும். அங்கே பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளின் கதை ஒவ்வொரு ஓட்டுநரிடமும் இருக்கிறது. ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான். கை நம் கட்டுப்பாட்டில் இருக்கும் இடத்தில் சடங்கு மெலிகிறது. கை மீறிப் போகும் இடத்தில் தடிக்கிறது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நியூகினியாவுக்குப் பக்கத்தில் உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். அங்குள்ள மீனவர்கள் காயலுக்குள் மீன் பிடிக்கும்போது எந்த மந்திரமும் சொல்வதில்லை. அங்கே ஆபத்து இல்லை, மீனும் நிச்சயம். ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்குகள் நடந்தன. அதே மனிதர்கள், அதே அறிவு. மாறியது கடல்தான். 1991 வளைகுடாப் போரில் ஏவுகணைகள் விழுந்த இஸ்ரேலிய ஊர்களிலும் விழாத ஊர்களிலும் மக்களைக் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். குண்டுக்கு அருகே இருந்தவர்களிடம் மாய நம்பிக்கைகள் கூடுதலாக இருந்தன.

நம் மாவட்டத்திலேயே வாழப்பாடிப் பக்கம் போங்கள். பொங்கலையொட்டி வங்கா நரியைப் பிடித்து வந்து ஊருக்குள் ஓடவிடும் வழக்கம் சில கிராமங்களில் உண்டு. நரி முகத்தில் விழித்தால் மழை பெய்யும், வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறை வழக்குப் போடுகிறது, அபராதம் விதிக்கிறது. நரிக்காக வனத்துறை நிற்பது சரிதான். ஆனால் கிணற்றில் தண்ணீர் எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் நாற்று விடுகிறவன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வான். ‘முட்டாள்தனம்’ என்று மேடையில் சொல்லிவிட்டுப் போகிறவருக்கு மாதச் சம்பளம் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அச்சம் விதை ஊன்றுகிறது, சரி. அது எப்படி வேர் பிடிக்கிறது? அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட புறாச் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பசித்த புறாக்களைக் கூண்டில் அடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு, தீனி விழுந்தபோது தாம் செய்துகொண்டிருந்ததையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று இடப்பக்கமாகச் சுற்றியது. இன்னொன்று கூண்டின் மேல்மூலையில் தலையை முட்டியது. அவர் சொன்ன விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள், அதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். ஆனாலும் பேனாவைத் தேடும் நம் பிள்ளைக்கு அந்தப் புறாவை அடையாளம் தெரியும்.

இனி உலக்கைக்கு வருகிறேன். 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம். கோவையிலும் திருச்சியிலும் வளையமாகத் தெரிந்தது. நமக்குப் பெரும்பகுதி மறைந்த சூரியன் கிடைத்தது. அன்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினார்கள். பிடிக்க ஆளில்லாமல் அது நேராக நின்றது. கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்றார்கள். தொலைக்காட்சியில் படம் ஓடியது, கைப்பேசிகளில் படம் பறந்தது.

பூண் போட்ட உலக்கையின் அடிப்பக்கம் தட்டையானது. ஆட்டம் அடங்கும் வரை பொறுமையாகப் பிடித்திருந்து மெல்லக் கையை எடுத்தால் அது எந்த நாளிலும் நிற்கும். எடை மையத்திலிருந்து இறங்கும் கோடு அடிப்பரப்புக்குள் விழுந்தால் போதும். இதை உங்களுக்கே நான் சொல்லித்தரத் தேவையில்லை, பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு முக்கியம் வேறு. அந்த உலக்கையைக் கிரகணம் இல்லாத ஒரு நாளில் நிறுத்திப் பார்க்க அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது ஏன்? நமக்குச் சாதகமான சான்றைத் தேடும் புத்தி இயல்பாக இருக்கிறது. எதிர்ச்சான்றைத் தேடும் புத்தியைப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். பூனை குறுக்கே போய் வேலை கெட்ட நாள் நினைவில் நிற்கும். பூனை குறுக்கே போயும் வேலை நடந்த நாள், பூனையே வராமல் வேலை கெட்ட நாள், இவற்றுக்கு யார் நோட்டுப் போட்டு வைக்கிறார்கள்?

ஆங்கிலத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1620இல் எழுதிய நூலில் ஒரு பழங்கதை வருகிறது. வேண்டிக்கொண்டதால் கப்பல் விபத்தில் தப்பியவர்களின் படங்களை ஒரு கோயிலில் மாட்டியிருந்தார்கள். அதைக் காட்டி, ‘இப்போதாவது ஒப்புக்கொள்கிறாயா?’ என்று ஒருவனைக் கேட்டார்களாம். ‘வேண்டிக்கொண்ட பிறகும் மூழ்கியவர்களின் படம் எங்கே இருக்கிறது?’ என்று அவன் திருப்பிக் கேட்டானாம். நானூறு ஆண்டு கழிந்தும் இதைவிடக் கூர்மையான அறிவியல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

சேர்வராயன் மலையின் உட்கிராமங்களில் இந்தக் கேள்வி விளையாட்டல்ல. பாம்பு கடித்தால் மந்திரிக்கிறவரிடம் போகிறார்கள். பலர் பிழைக்கவும் செய்கிறார்கள். கடித்தவற்றில் விஷமில்லாத பாம்புகள் நிறைய. விஷப் பாம்பும் சில நேரம் விஷம் இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். பிழைத்தவர் ஊர் முழுக்க மந்திரத்தின் புகழைப் பாடுவார். கட்டுவிரியன் கடித்து மந்திரித்த இடத்திலேயே நேரம் போனவர் வந்து எதையும் சொல்லப் போவதில்லை. மஞ்சள் காமாலையும் அப்படித்தான். அதில் ஒரு வகை சில வாரங்களில் தானாகவே தணியும். அந்த வாரங்களில் யார் என்ன கொடுத்தாரோ அவருக்கே பெயர். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மந்திரிக்கிறவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார், பாம்புக்கடி மருந்து மலையிறங்கி வர வேண்டிய தூரத்தில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும் ஊரில் மந்திரத்தின் மவுசு தானாகக் குறையும். அதை நீங்கள் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ‘மூடநம்பிக்கை’ என்று பேசும்போது அந்தத் தூரத்தையும் சேர்த்துப் பேசலாம்.

உங்களில் சிலர்மீது எனக்குக் கோபமும் உண்டு. ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ என்று தொடங்கி, ஒவ்வொரு சடங்குக்கும் ஓர் ‘அறிவியல் காரணம்’ சொல்லும் செய்திகளை வகுப்பறை வரை கொண்டுவருகிறீர்கள். திருநள்ளாறுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே திகைத்தது என்ற கதையை ஓர் ஆசிரியரே அனுப்பி நான் படித்தேன். தாழ்வான சுற்றுப்பாதையில் உள்ள செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நின்றால் விழ வேண்டியதுதான். அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே இருப்பவை. திருநள்ளாறு அங்கே இல்லை. சடங்கைச் சடங்காகச் செய்கிறவரிடம் எனக்கு வழக்கில்லை. அதற்கு அறிவியல் வேஷம் கட்டும்போது இரண்டுமே கெடுகின்றன.

எதிர்ப்பக்கத்தில் பகுத்தறிவு பேசும் மேடைக்கும் ஒரு வார்த்தை. நீதிக்கட்சி 1944இல் திராவிடர் கழகமானது நம் ஊரில்தான். மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு 1971 ஜனவரியில் நடந்ததும் நம் ஊரில்தான். அதற்குப் பிறகும் அமாவாசை தவறாமல் கடை வாசலில் பூசணிக்காய் உடைகிறது. கேலி தோற்ற இடம் அது. அதே இயக்கம் வென்ற இடமும் உண்டு: சுயமரியாதைத் திருமணம். 1967இல் அதற்குச் சட்ட ஏற்பும் வந்தது. முகூர்த்தம் பொய் என்று சொன்னதோடு நிற்காமல், முகூர்த்தம் பார்க்காதவர்களின் கையில் மாலையையும் உறுதிமொழியையும் கொடுத்தார்கள். பயந்த மனிதனுக்குக் கையில் செய்ய ஒரு காரியம் வேண்டும். வெறும் மறுப்பு அவனுக்கு எதையும் கொடுப்பதில்லை.

சட்டம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மூடநம்பிக்கைக்கு எதிராக இயங்கிய நரேந்திர தபோல்கர் 2013இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு மகாராஷ்டிரம் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகச் சட்டமன்றம் 2017இல் நிறைவேற்றியது. மந்திரவாதி என்ற பெயரில் அடிப்பவனையும் பறிப்பவனையும் பிடிக்க அவை உதவும். பேனாவைத் தேடும் பிள்ளைக்குக் காவல் நிலையம் எதற்கு?

நான் கேட்பது இதுதான். இந்த ஆண்டு பேச்சுப் போட்டியைக் கைவிட்டுவிட்டு, ஒரு சாதாரணப் புதன்கிழமையில் பள்ளித் திண்ணையில் தாம்பாளமும் உலக்கையும் வையுங்கள். முன்கூட்டியே எதையும் சொல்லாதீர்கள். பிள்ளைகளே நிறுத்தட்டும். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு நம்பிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதட்டும்: சகுனம் உண்டு, கெட்டது நடந்தது; சகுனம் உண்டு, நடக்கவில்லை; சகுனம் இல்லை, நடந்தது; இரண்டும் இல்லை. நாள்காட்டியில் அச்சாகும் ராசிபலனை நாள் முடிந்த பிறகு படித்துச் சரிபார்க்கலாம். காலையில் படித்தால் அது நம்மை ஆட்டிவைக்கும்.

அதன் பிறகு ஒரு கேள்வி. இந்த நம்பிக்கைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது என்று காத்திருப்பவர் தன் காசைத்தான் செலவழிக்கிறார், விட்டுவிடலாம். நடுரோட்டில் உடைத்த பூசணிக்காயில் வழுக்கி விழுகிறவர் வேறு ஆள். ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்ற ஒரு வரியால் கல்யாணம் தள்ளிப்போகும் பெண்ணும், கணவரை இழந்ததால் மகளின் திருமண மேடையிலிருந்து ஒதுங்கி நிற்கும் தாயும் எந்தத் தவறும் செய்யாதவர்கள். உங்கள் கண்டிப்பை இவற்றுக்குச் சேமித்து வையுங்கள். எலுமிச்சம்பழத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பெற்றோர் புகார் சொல்வார்கள் என்று தயங்குவீர்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்கிறது, 1976இல் சேர்த்தது. அதைக் காட்டுவதைவிட, புகாரோடு வருகிறவரையே கூப்பிட்டு உலக்கையைப் பிடிக்கச் சொல்வது நல்லது. கிரைண்டர் வந்த பிறகு டவுன் வீடுகளில் உலக்கை அரிதாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, பூண் கழலாமல். கேட்கும் பள்ளிக்குக் கொண்டுவந்து தருகிறேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அம்மா கணக்கு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டைவாசி ஒருவன்