எக்கோவில் அடைப்பு தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை எக்கோ, அதாவது மீயொலியால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்துக்கொண்டால் மாரடைப்பு பயமில்லாமல் இருக்கலாம் என்று சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் வந்திருந்தது. இதயப் பிரிவில் எக்கோ டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியைப் படித்துப் பதறிப்போய் இதை எழுதுகிறேன்.

எக்கோவில் இதயத்தின் சுவர் அசைவதும் வால்வு திறந்து மூடுவதும் தெரியும். ரத்தம் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் ஓடுகிறது என்று எக்கோவிலேயே உள்ள டாப்ளர் முறை காட்டும். ஆனால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களில் உள்ள அடைப்பு அதில் தெரியாது. குழாய் 70 சதவீதம் சுருங்கியிருந்தாலும், சும்மா படுத்திருக்கும்போது தசைக்குப் போதுமான ரத்தம் கிடைத்துவிடும். சுவரும் ஒழுங்காக அசையும். ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்பவர் அந்தத் தாளை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. நடக்க வைத்து ஈ.சி.ஜி. பார்க்கும் டிரெட்மில்லா, இதயத்துக்கு வேலை கொடுத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவா, சிடி ஆஞ்சியோவா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். சிடியில் குழாயையே பார்க்கலாம். ஆனால் கதிர்வீச்சு உண்டு, சாயமருந்து ஏற்ற வேண்டும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு யோசித்துத்தான் எடுப்பார்கள். குழாயில் சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தால் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இதனால் எக்கோவை யாரும் மட்டமாக நினைத்துவிடக் கூடாது. 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் கருவியை வைத்து இதயத்தைப் பார்த்ததில் தொடங்கியது இது. எட்லர் தேடியது, இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வின் சுருக்கத்தை. இன்றும் அதற்கு எக்கோதான். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலில் வால்வு கெட்டது தெரியாமலே வளர்ந்த பெண், கர்ப்பமான பிறகு மூச்சுவிட முடியாமல் வருவாள். கதிர்வீச்சு இல்லாததால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. கருவியைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு போய், வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது, பலூன் வைத்து விரிக்க முடியுமா என்று அங்கேயே பார்த்துவிடலாம். சிடியோ எம்.ஆர்.ஐ.யோ அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வராது.

இன்னொன்று, பம்பிங். இதயத்தின் இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற கணக்கு அது. 60 சதவீதம் என்றதும் மீதி 40 போய்விட்டதாக அழுத குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 55 முதல் 70 வரை நல்ல அளவுதான். ஒரே நோயாளியை ஒரே நாளில் இருவர் அளந்தால் ஐந்து, பத்து வித்தியாசம் வரும். பார்ப்பவர் கையைப் பொறுத்தது அது. எக்கோவின் மீயொலி காற்றைச் சரியாக ஊடுருவாததால், நுரையீரல் நோய் முற்றியவர்களுக்குப் படம் மங்கலாக இருக்கும். உடல் பருத்தவர்களுக்கும் அப்படித்தான். அளவு துல்லியமாக வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. நல்லது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளின் இதயத்தில் இரும்பு படிவதை அது முன்கூட்டியே காட்டும். எக்கோவில் பம்பிங் குறைவது தெரிவதற்குள் காலம் கடந்துவிடும்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். முழு உடல் பரிசோதனை செய்யும் மையங்களும் எக்கோ ரிப்போர்ட்டின் அடியில், ‘இதில் ரத்தக்குழாய் அடைப்பு தெரியாது’ என்று தமிழில் அச்சடித்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்கோ டெக்னீஷியன்,
திருச்சி