சாயம் எதுவென்று தெரியாமல் எண்ணெய் தடவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய இயற்கைச் சாயத் தோல்பொருள்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவற்றின் அழகைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அத்தகைய பைகளை அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, வெயிலில் காயவைத்தால் நெடுநாள் உழைக்கும் என்று இறுதிப் பத்தியில் பொதுப்படையாகச் சொல்லியிருப்பதை, தோல் பதனிடும் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஏற்க இயலவில்லை. இயற்கைச் சாயம் என்ற ஒரே பெயரின்கீழ் அங்கே வெவ்வேறு முறைகள் வழங்குகின்றன. ஒன்றுக்கு உகந்த பராமரிப்பு மற்றொன்றைக் கெடுத்துவிடும்.

மிகப் பழைய முறைகளுள் ஒன்று புகையூட்டல். ஜப்பானியர் இதை ஃபுசுபே என்பார்கள். பதனிட்ட மான் தோலை ஓர் உருளையின்மேல் இழுத்துப் பொருத்தி, கீழே வைக்கோலைப் புகையவிட்டு, உருளையைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். நூல் சுற்றிய இடங்களும் பசை பூசிய இடங்களும் வெளிறி நிற்க, மற்றப் பகுதி மஞ்சளிலிருந்து பழுப்புவரை நிறம் கொள்ளும். புகையிலுள்ள ஆல்டிஹைடு என்னும் வேதிப்பொருள்கள் தோலின் புரதத்தோடு பிணைந்து, ஓரளவு பதனிடும் வேலையையும் செய்துவிடுகின்றன. நாரா நகரின் தோதைஜி கோயிலுக்கு உரிய, திராட்சைக் கொடி உருவம் அமைந்த எட்டாம் நூற்றாண்டுத் தோல் இம்முறையில் நிறமேற்றப்பட்டது. அது இன்று அந்நாட்டின் தேசியப் பொக்கிஷங்களுள் ஒன்று.

யமனாஷி மாகாணத்துக் கோஃபு நகரின் இன்டென் தோல்பொருள்களும் மான் தோலால் ஆனவையே. சாயமேற்றிய தோலின்மீது காகித அச்சுத் தகட்டை வைத்து, உருஷி மரத்தின் பாலைத் தேய்த்து உருவங்களைப் பதிக்கிறார்கள். 1987-இல் ஜப்பானிய அரசு இதை மரபுக் கைவினையாக அறிவித்தது. உருஷி மற்ற வண்ணப்பூச்சுகளைப் போல வெயிலில் உலர்வதில்லை. காற்றில் ஈரமும் மிதமான வெப்பமும் இருந்தால்தான் அதிலுள்ள நொதி வேலை செய்து, பூச்சு இறுகும். இறுகியபின் அதற்கு முதற்பகை வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள். ஆகவே, இன்டென் பணப்பையை வெயிலில் வைப்பதும், தோலுக்கான கிரீமைப் பூசுவதும் கூடாது. மான் தோல் மெல்லிய துளைகள் நிறைந்தது. கிரீமையும் எண்ணெயையும் உறிஞ்சித் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும்.

அவுரி நீலத்தைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாங்குபவர் மிகுதியாக ஏமாற்றம் கொள்வதும் இதில்தான். தோகுஷிமா பகுதியில், நம் அவுரிச் செடியிலிருந்து வேறான ஒரு செடியின் இலைகளை உலர்த்தி, நீர் தெளித்து, ஏறத்தாழ நூறு நாள் புளிக்கவைத்து மக்கச் செய்கிறார்கள். சுகுமோ எனப்படும் அந்த மக்கலை, மரச்சாம்பலின் காரநீரில் கோதுமைத் தவிடு முதலியவற்றுடன் ஊறவைத்தால், நுண்ணுயிர்கள் பெருகிச் சாயத்தைக் கரையும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. துணியையோ தோலையோ அதில் தோய்த்து வெளியே எடுத்ததும் காற்றுபட்டு நீலம் திரும்புகிறது. துணிக்கு இது எளிது. தோலுக்கோ இது சிக்கலான வேலை. ஏனெனில் பதனிட்ட தோல் இயல்பில் அமிலத்தன்மை உடையது, சாயத்தொட்டியோ வலுவான காரம். நம் ஊர் ஆவாரம் பட்டைத் தோலைப் போன்ற தாவரப் பதனிடல் கண்ட தோலை அந்தத் தொட்டியில் அதிக நேரம் விட்டால், பட்டையின் துவர்ப்பே வெளியேறி, தோல் விறைத்துச் சுருங்கும். ஆகவே தொட்டியில் சிறிது நேரமே வைத்து எடுத்து, காற்றாடவிட்டு, மறுபடி மறுபடி தோய்த்து, முடிவில் மெல்லிய அமிலத்தால் காரத்தை நீக்கவேண்டியிருக்கிறது. விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்கள் இதைக் கருதிப் பார்க்கலாம்.

இந்த நீலம் தோலின் நாரோடு வேதியியல் முறையில் பிணைவதில்லை. நுண்துகளாக இழைகளுக்கு இடையே தங்கிவிடுகிறது. அதனால் புதிய பை, வெள்ளைச் சட்டையில் நிறத்தை ஒட்டவைப்பது அதன் இயல்பு. அது போலிச் சரக்கு என்பதற்குச் சான்றாகாது. ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பது இதை மிகுதிப்படுத்தும். முதல் சில மாதங்கள் உலர்துணியால் மட்டும் துடைத்து, வெளிர் ஆடைகளோடு உரசாமல் பயன்படுத்துவதே நல்லது.

காகிஷிபு என்ற சாயம் வேறு வகை. துவர்ப்பு மிக்க பெர்சிமன் காயைப் பிழிந்து புளிக்கவைத்த சாறு அது; நம் கடலோரத்தில் வலைக்கு உரமேற்றப் பயன்பட்ட பனிச்சங்காயும் அதே மர இனத்தைச் சேர்ந்தது. ஜப்பானிலும் மீன்வலைக்கு இச்சாற்றைப் பூசியதுண்டு. வெயிலும் காற்றும் பட்டால் இந்நிறம் மங்காது, ஆழ்ந்துகொண்டே போகும். கட்டுரையாளர் சொன்ன வெயில் யோசனை இதற்கு ஓரளவு பொருந்தலாம். ஆனால் ஈரமான இரும்புச் சாவி படிந்தால் கரும்புள்ளி விழும், பிறகு போகாது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும் இதே வினையைத்தான் அமாமி ஒஷிமா தீவினர் ஷாரின்பாய் மரச் சில்லுகளின் கஷாயத்தையும் இரும்புச் சத்துள்ள சேற்றையும் கொண்டு வேண்டுமென்றே செய்கிறார்கள். பட்டுக்குப் பெயர் பெற்ற அம்முறையைத் தோலிலும் கையாளலாம். ஆனால் மிகையான இரும்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலை நொய்ந்துபோகச் செய்யும்.

தேங்காய் எண்ணெயைப் பொறுத்தவரை, எந்தச் சாயமானாலும் நான் தவிர்க்கவே சொல்வேன். குளிர்ந்தால் உறைவதும், நாளடைவில் சிக்கு நாற்றம் எடுப்பதும் அதன் குணம், கறையையும் விடும். மழையில் நனைந்த தோலை ஒற்றியெடுத்து நிழலில் உலர்த்துவது, நெகிழிப் பைக்குள் கட்டிவைக்காமல் பருத்தித் துணியில் சுற்றிவைப்பது ஆகிய இரண்டும் எல்லா வகைக்கும் பொது. ஜூன், ஜூலை மழைப் பருவத்தில் பூஞ்சணம் ஜப்பானிலும் பெருந்தொல்லைதான்.

கட்டுரை சாமுராய்க் கவசங்களின் தோலைப் புகழ்ந்தபோது, அத்தோலைப் பதனிட்டவர்கள் 1871-வரை சட்டத்தாலேயே இழிந்தோராக ஒதுக்கப்பட்டிருந்ததையும் ஒரு வரியில் சுட்டியிருக்கலாம்.

இயற்கைச் சாயம் என்று எழுதி விற்பவர்கள் எந்தச் சாயம், எவ்வகைப் பதனிடல் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பில் பதனிட்ட தோலையும் அவுரியில் தோய்க்கலாம் என்பதால், சாயத்தின் பெயர் மட்டும் வாங்குபவருக்குப் போதாது. அந்த இறுதிப் பத்திக்கு ஒரு திருத்தக் குறிப்பை, குறிப்பாக எண்ணெய், வெயில் ஆகிய இரண்டைப் பற்றியாவது, அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வாணியம்பாடி