கீசர் வால்வு சொட்டினால் அடைக்காதீர்கள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தில்லிக் குளிர் வந்துவிட்டது. மார்கழி பிறந்தால் மலை மந்திருக்குக் கிளம்பும் வீடுகளில் விடியுமுன்பே கீசர் ஓடத் தொடங்கும். அதற்கு முன் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை, வீட்டிலுள்ள கீசரைத் தொடாமல் பார்த்துப் படம் வரைந்து வரும்படி அறிவியல் ஆசிரியை சொல்லியிருந்தார். நோட்டுகளைப் புரட்டியபோது, அடியில் குளிர்நீர்க் குழாயோடு சேர்ந்திருக்கும் சின்ன வால்வுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் மூடி போட்டிருந்தது. "இதிலிருந்து தண்ணீர் சொட்டியது, பிளம்பர் அங்கிள் அடைத்துவிட்டார்" என்று ஒரு குழந்தை அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறது. பிளம்பரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சொட்டுகிறது என்று கூப்பிட்டோம், அவர் சொட்டை நிறுத்திவிட்டுப் போனார்.

அந்த வால்வு சொட்டத்தான் வேண்டும். 25 லிட்டர் தண்ணீர் 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது கிட்டத்தட்ட 400 மில்லி அளவுக்கு விரியும். வந்த வழியே திரும்பிப் போக முடியாதபடி பெரும்பாலான கீசர்களில் ஒருவழித் தடுப்பு இருக்கிறது. குழாயும் மூடியிருந்தால் அந்த 400 மில்லி எங்கே போகும்? உள்ளே அழுத்தம் ஏறும், வால்வு கொஞ்சம் திறந்து சொட்டாக வெளியே விடும்.

இது சாதாரண நாளின் கதை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி, சூடு மீறினால் மின்சாரத்தை நிறுத்தத் துணையாக இருக்கும் கட்அவுட்டும் வேலை செய்யாமல் போனால், தண்ணீர் நிற்காமல் சூடேறிக்கொண்டே இருக்கும். அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. தொட்டி பிளந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும், தண்ணீரில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகும். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். குளியலறைச் சுவர் அதைத் தாங்காது. குக்கரின் வெயிட்டைக் கம்பியால் கட்டிவிட்டு அடுப்பில் ஏற்றுவோமா? மூடி போட்ட வால்வும் அதுதான். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இன்றே கீசருக்கான எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டு, வால்வைச் சரிசெய்யும் வரை அடுப்பில் வெந்நீர் வையுங்கள்.

தரையில் சொட்டுவது தொந்தரவுதான். வால்வின் வாயில் ஒரு சின்னக் குழாயை மாட்டி வடிகால் பக்கம் இறக்கிவிட்டால் போதும், அதன் நுனி மட்டும் திறந்தே இருக்க வேண்டும். கீசர் அணைந்திருக்கும்போதும் விடாமல் ஒழுகினால் வால்வில் உப்புப் படிந்திருக்கலாம், அல்லது பம்பின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சொட்டுக்குப் பதில் ஆவியோ கொதிநீரோ வந்தால் குளியலறைக்குள் போகவே வேண்டாம், மெயினை அணையுங்கள்.

கோடை முழுக்கச் சும்மா கிடந்த கீசரை முதல்முறை போடும்போது, வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். தொட்டி நிறையாமல் சுவிட்சைப் போட்டால் ஹீட்டர் காயில் கருகிவிடும். மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும் என்பதால், முதல் நாள் 60 டிகிரி வரை சூடாக்கி, தண்ணீரை முழுவதும் கொட்டிவிடுவது நல்லது. துவாரகா பக்கம் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு உப்புத் தொல்லை அதிகம். உள்ளே கடமுடவென்று சத்தம் வந்தால் காயிலில் உப்பு படிந்துவிட்டது என்று அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யும்போது உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியின் இரும்புக்குப் பதில் தான் கரைவதுதான் அதன் வேலை. அது தீர்ந்தால் அடுத்து தொட்டிதான் துருப்பிடிக்கும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், எனவே 16 ஆம்பியர் பிளக்கும் எர்த்தும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்றால், "ஈரக்கை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருக்கும் வீடுகளில் மின்கசிவு வந்ததும் மின்சாரம் தானே நின்றுவிடும்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் 50 டிகிரியே போதும், வாரம் ஒருநாள் மட்டும் 60 வரை ஏற்றி இறக்குங்கள். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்களையே சுமார் 5 நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும், பிள்ளைகளின் தோல் அதைவிட மெல்லியது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். நம் பாட்டிமார் செய்ததும் இந்த வரிசையில்தான். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பேஸ்ட், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். காயம் பெரிதென்றால் 112-ஐ அழையுங்கள். சப்தர்ஜங் மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இன்னும் இம்மர்ஷன் ராடு வைத்திருப்பவர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். அது ஓடும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது. கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. கதவைச் சாத்திக் குளிக்கும்போது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும், மயங்கி விழும்வரை தெரியாது.

வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது கீசரின் அடிப்பக்கத்தை போனில் படம் எடுத்து வாருங்கள். பள்ளியின் எலெக்ட்ரீஷியன் 11 மணி வரை ஆய்வகத்தில் இருப்பார், பார்த்துச் சொல்லுவார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் "வீட்டுக்காரர் கேட்க மாட்டார்" என்று சொல்லுவீர்கள், தெரியும். அவரிடம் கொடுக்க இந்தியில் ஒரு பக்கக் குறிப்பு தயாராக இருக்கிறது. அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்