வெள்ளம் வடிந்தது, தரை காயவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்கு முன் வீட்டைச் சரிபார்ப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்புகளைப் படித்தேன். மொட்டை மாடி, சுவர் வெடிப்பு, கரண்ட் வயர் எல்லாம் சொல்லியிருந்தீர்கள். தரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆற்றோரம் குடியிருக்கும் எங்களுக்குப் பெரிய செலவு வைப்பது அதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. வடிந்து ஒரு மாதத்துக்குள் பொங்கல். நல்ல நாளில் பட்டாசல் (வீட்டின் முன்கூடம்) பாளம் பாளமாகக் கிடக்கலாமா என்று கடன் வாங்கி அவசரமாக டைல்ஸ் ஒட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் அந்த டைல்ஸ் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்க்க வயிறு எரிந்தது.

தரைக்கு மேல் நின்ற தண்ணீர் வடிந்துவிடும். அடியில் கொட்டி நிரப்பிய மண்ணுக்குள் இறங்கியது அவ்வளவு சீக்கிரம் போகாது. பழைய சிமெண்ட் தரையும் சிவப்புக் காவித் தரையும் ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விடும். விட்ரிஃபைடு டைல்ஸில் அந்த வழி கிடையாது. ஈரம் ஜாயிண்ட் வழியாகத்தான் ஏறிவர வேண்டும். வரும்போது உப்பையும் கொண்டுவருகிறது. ஜாயிண்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் அடியில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

வேலை தொடங்குமுன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ கொத்தனாரைப் பிறகு வரச் சொல்லிவிடுங்கள். தாள் காய்ந்திருந்தால்கூட, அடியில் மண் இறங்கித் தரை பொள்ளலாகியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கெட்டியான இடம் ஒரு மாதிரி ஒலிக்கும், மண் இறங்கிப் பொள்ளலான இடம் பானையைத் தட்டியது போலக் கேட்கும். ஏற்கெனவே டைல்ஸ் ஒட்டிய தரையில் ஒன்றிரண்டு மட்டும் அப்படிக் கேட்டால் ஜாயிண்டில் துளை போட்டுச் சிமெண்ட் பால் ஊற்றிச் சமாளிக்கலாம். அறை முழுக்க அப்படி இருந்தால் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, மேலே நான்கு அங்குலம் ஜல்லிக் கான்கிரீட் போட்ட பிறகுதான் டைல்ஸைப் பற்றிப் பேச வேண்டும். வடக்கே கரிசல் பக்கம் இருப்பவர்கள் தோண்டிய மண்ணையே திரும்பப் போடக் கூடாது. அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மேலே எதைப் போட்டாலும் வெடிக்கும்.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வெள்ளத்தின்போது இருந்த பேரிடர் நிவாரண விதிப்படி, குறைந்தது 15 சதவீதம் சேதமான கல்வீட்டுக்கு 6,500 ரூபாய். கணக்கெடுக்க வருபவர்கள் வெள்ளம் வடிந்த கையோடு வந்து சுவரையும் கூரையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்குத் தரை நன்றாகத்தான் இருக்கும். அது உட்காருவது சில மாதம் கழித்து. அப்போது யாரிடம் போய்ச் சொல்வது? வெள்ளம் புகுந்த தெருக்களில் கோடையில் இன்னொரு முறை வந்து தரையைத் தட்டிப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். இதை உங்கள் பத்திரிகை வலியுறுத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிந்துபூந்துறை, திருநெல்வேலி