டிரைவர் அப்டேட் அமுக்கப்போற எம் மவனுக்கு

எய்யா,

ராத்திரி நீ அனுப்புன போட்டோவ கடை தொறந்தப்புறந்தான் பாத்தேன். மூலைல கிராபிக்ஸ் கார்டு டிரைவருக்கு, அதான் ஸ்கிரீன்ல படம் காட்டுத கார்ட விண்டோஸோட சேத்து ஓட்டுத சாஃப்ட்வேருக்கு, அப்டேட் காட்டுது, அமுக்கவா வேண்டாமான்னு கேட்டிருக்க. இப்ப அமுக்காத. போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு பாதில வச்சிருவ, அதான் டைப் பண்ணுதேன்.

அப்டேட் வந்துட்டுங்கதுக்காக மட்டும் பண்ணக்கூடாதுய்யா. பாளையங்கோட்டை கடைல கல்யாண ஆல்பம் வேல ஓடுத வரைக்கும் நான் டிரைவர் பக்கமே போவ மாட்டேன், ஆடி மார்கழின்னு முகூர்த்தம் இல்லாத மாசமா பாத்துதான் கை வைப்பேன். உனக்கு கேம் ஹேங் ஆவுது, ஸ்கிரீன் மினுக்குதுன்னா பண்ணு, இல்ல செக்யூரிட்டி ஓட்டைய அடைச்சிருக்கோம்னு கம்பெனிக்காரன் சொன்னா பண்ணு, ரெண்டும் இல்லன்னா நல்லா ஓடுதத எதுக்கு நோண்டணும். அதுலயும் வந்த அன்னைக்கே போடாத. 2010 மார்ச்சுல உன் கார்டு கம்பெனி என்விடியாக்காரன் 196.75னு ஒரு டிரைவர விட்டுட்டு, கார்டு ஃபேன் ஒழுங்கா சுத்தல சூடாவுதுன்னு புகார் வந்ததும் வாபஸ் வாங்குனான். ஒரு வாரம் மத்தவன் போட்டு பாக்கட்டும்.

உன் செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1060 கதை வேற. அந்த தலைமுறை கார்டுக்கு கேம் டிரைவர் 2025 அக்டோபரோட முடிஞ்சிட்டு, இனி 2028 அக்டோபர் வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒருக்கா செக்யூரிட்டி அப்டேட் மட்டுந்தான். 580ன்னு தொடங்குத டிரைவர் வரிசைதான் உனக்கு கடைசி, 590ன்னு பாத்து எறக்கிராத, அது உன் கார்ட சேத்துக்கிடாது.

இப்ப என்ன இருக்குன்னு மொதல்ல பாரு. டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர் போயி, கார்டு பேர்ல ரைட் கிளிக் அடிச்சி ப்ராப்பர்ட்டீஸ்ல டிரைவர் டேப். 32.0.15.8088ன்னு நீளமா கெடக்கும், முழிக்காத, கடைசி அஞ்சு எண்ண மட்டும் எடு, 5 8 0 8 8, அதான் 580.88.

அந்த வெர்ஷனோட செட்டப் ஃபைல என்விடியா சைட்லயே பழைய டிரைவர்கள்ல தேடி எறக்கி டி டிரைவ்ல போட்டு வை, புதுச எறக்குததுக்கு முன்னாலயே. பழைய டிரைவருக்கே திரும்புத ரோல் பேக் பட்டன்தான் இருக்கேம்மான்னு கேப்ப. பழச முழுசா அழிச்சிட்டு புதுசா போடுத கிளீன் இன்ஸ்டால் பண்ணிட்டா அந்த பட்டன் மங்கிப்போயி கெடக்கும், அமுக்க முடியாது, அப்ப பழைய ஃபைல் கைல இருந்தாத்தான் திரும்பி வர முடியும். கோளாறுன்னா விண்டோஸ பழைய நெலைக்கு கொண்டுவர ரீஸ்டோர் பாயிண்ட் ஒண்ணும் போட்டுக்கோ, அதுக்கு வேணும்ங்கத சி டிரைவு சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் பல மிஷின்ல ஆஃப்லதான் இருக்கும், ஆன் பண்ணிட்டு போடு.

டிரைவர் அப்டேட்டர் இலவசம்னு கூகுள்ல வருத விளம்பரம் பக்கம் போவாத. அத போட்டுட்டு கடைக்கு மிஷின தூக்கிட்டு வாரவன் எத்தன பேரு. எல்லா டிரைவரும் பழசு, பணம் கட்டுன்னு செவப்பா மெரட்டிட்டே கெடக்கும்.

நீ முன்னால வேற கம்பெனி ஏஎம்டி கார்டு வச்சிருந்தல்லா, அதோட மிச்சம் மீதி உள்ள கெடக்கலாம், அதனால இந்த ஒரு தடவ டிடியூ (DDU), அதான் பழைய டிரைவர மிச்சமில்லாம அழிக்குத சாஃப்ட்வேர், போட்டு தொடச்சிரு. எப்பவும் வேண்டாம், கம்பெனி மாத்தும்போதோ கோளாறு வந்தாலோ போதும். மொத வேலயா நெட் வயர புடுங்கு, வைஃபைன்னா ஆஃப் பண்ணு. இல்லன்னா நீ பழச அழிச்ச கையோட விண்டோஸே தன்னால ஒரு டிரைவர எறக்கி போட்டுரும், நீ செஞ்ச வேல வீணு. பெறவு விண்டோஸ அவசியமானத மட்டும் வச்சி தொறக்குத சேஃப் மோடுல போயி டிடியூ ஓட்டு. சேஃப் மோடுக்கு போவும்போது டிரைவ பூட்டி வைக்குத பிட்லாக்கரோட கீ கேட்டாலும் கேக்கும், 48 எண்ணு, உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், முன்னாலயே எடுத்து எழுதி வச்சிக்கோ, ஸ்கிரீன் பூட்டுனப்புறம் தேடிட்டு திரியாத. ரீஸ்டார்ட் ஆனதும் படம் பெருசு பெருசா அசிங்கமா தெரியும், அது விண்டோஸோட சாதா டிரைவர், பயப்படாண்டாம். நெட் இல்லாமலே புது செட்டப்ப ஓட்டி முடிச்சிட்டு கடைசில வயர மாட்டு.

இன்ஸ்டால் ஆவும்போது ஸ்கிரீன் கருப்படிக்கும், திரும்ப வரும், பவர் பட்டன்ல கைய வச்சிராத, பைய இரு. ரொம்ப நேரம் வராம நின்னுட்டுன்னா விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் சேத்து அமுக்கு, டிரைவர் மட்டும் ரீசெட் ஆவும். யுபிஎஸ் பேட்டரி போச்சின்னு சொன்னேல்லா, அத மாத்தாம இதுல எறங்காத. இங்க மாசாந்திர பராமரிப்புன்னு கரண்டு நிப்பாட்டுத நாள் முன்கூட்டியே தெரியும், ஓசூர்ல எப்படின்னு வீட்டுக்காரர்ட்ட கேட்டுக்கோ.

அந்த அஞ்சு எண்ண எனக்கு அனுப்பு, பாத்துட்டு சொல்லுதேன். அப்பா பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வார டிக்கெட் போட்டாச்சான்னு கேக்காவ, அதுக்கும் பதில் போடு.

அம்மா