ரேஸிங் சீட் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் கார்களுக்கு ரேஸிங் சீட் விற்று, பொருத்தியும் தருகிற கடை உரிமையாளர்களுக்கும் ஃபிட்டர் அண்ணன்மாருக்கும்,

வணக்கம்.

போன மாதம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுவதற்காக என் பழைய ஆடி டிடி காரை எடுத்துப் போயிருந்தேன். வண்டியைச் சோதிக்க வந்த ஸ்க்ரூட்டினியர் முதலில் டிரைவர் பக்கக் கதவைத்தான் திறந்தார். உங்களில் ஒருவர் பொருத்திக் கொடுத்த சீட்டின் தோள்பகுதியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். ஆடியது. குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். “இதை உள்ளே விட முடியாது சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் விட்டிருந்தால்தான் தப்பு.

நான் கேட்பது ஒன்றே ஒன்று: சீட்டை வண்டியின் தரையோடு இணைக்கிற, அந்த வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்த பிராக்கெட் கையில் இல்லாமல் யாருக்கும் சீட் விற்காதீர்கள், பொருத்தாதீர்கள்.

சீட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரெகாரோ, ஸ்பார்கோ, ஓஎம்பி எல்லாம் நீங்கள் தினமும் புழங்குகிற பெயர்கள். நான் வாங்கிய சீட்டும் நல்ல சீட்தான். அதற்குக் கீழே இருந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். எல் ஆங்கிளை வெட்டி வெல்டிங் வைத்து ஒரு சட்டம். வெல்டிங் கசடைக்கூடத் தட்டி எடுக்காமல் அதன் மேலேயே கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கார் கம்பெனி தரையில் கொடுத்த நாலு போல்ட் இடங்களில் இரண்டுதான் அந்தச் சட்டத்தோடு ஒத்துவந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் தரையில் புதிதாக டிரில் போட்டு ஓட்டை. தரைக்கு அடியில் தகடு கிடையாது. ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் வெறும் வாஷர். அதுவும் தரைத்தகட்டுக்குள் குழி விழுந்து அமிழ்ந்துபோய், ஓட்டையைச் சுற்றி பெயின்ட் வெடித்து, துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. ரோட்டில் ஓட்டியதற்கே இந்தக் கதி.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி என்ன சொல்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். குறைந்தது நாலு இடத்தில் பிடிமானம், போல்ட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, சப்போர்ட்டும் தரைக்கு அடியில் வைக்கிற கவுன்டர் பிளேட்டும் இரும்பு என்றால் 3 மில்லிமீட்டர் கனம், ஒவ்வொரு இடத்திலும் 40 சதுர சென்டிமீட்டர் தொடுபரப்பு. என் வண்டியில் இருந்த வாஷர் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்தது பக்கிள். டிடியில் பெல்ட்டின் பக்கிள் பழைய சீட்டின் மேலேயே இருக்கிறது. சீட்டைக் கழற்றினால் அதுவும் கூடவே போய்விடும். அதைப் பிரித்தெடுத்து, ஒரு பட்டைக் கம்பியை வளைத்து, ஒரே ஒரு போல்ட்டில் அந்தச் சட்டத்தோடு மாட்டியிருந்தார்கள். 70 கிலோ ஆள் 20 ஜி மோதலில், அதாவது உடல் எடையைப் போல 20 மடங்கு விசை வருகிற மோதலில் மாட்டினால், 1,400 கிலோ எடைக்குச் சமமான விசையை பெல்ட் தாங்க வேண்டும். அதில் கணிசமான பங்கு இந்தப் பக்கிள் வழியாகத்தான் வரும். அதைத் தாங்குவதற்கு இந்த ஒற்றை போல்ட். பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த சீட்டில் என் மனைவியும் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாள்.

பழைய சீட்டோடு பக்கவாட்டு ஏர்பேக்கும் போய்விட்டது. டாஷ்போர்டில் லைட் எரியக்கூடாது என்று ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி, ஏர்பேக் இருப்பதுபோல வண்டியை ஏமாற்றியிருக்கிறார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. லைட் எரியவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏர்பேக் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது ஓட்டுபவரின் உரிமை. அதை மறைப்பதற்கு உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கேட்டால், “எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுறோம், யூனிவர்சல் ரெயில், எந்த வண்டிக்கும் சேரும்” என்று பதில் வருகிறது. எல்லாருக்கும் இப்படித்தான் என்றால், இத்தனை பேர் இப்படிப்பட்ட சட்டத்தின் மேல் உட்கார்ந்து ஈ.சி.ஆரில் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பணம் வாங்கும்போது இருக்கிற அக்கறை டிரில் பிடிக்கும்போது எங்கே போகிறது?

நம்மிடம் ஆளும் திறமையும் இல்லாமல் இல்லை. 2005-லேயே ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். அந்தக் கோவையிலும் இங்கே அம்பத்தூரிலும் லேசர் கட்டிங், சி.என்.சி. பட்டறைகளுக்குப் பஞ்சமா? கம்பெனி போல்ட் இடங்களை அளந்து, 3 மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட் செய்து தர அவர்களால் முடியும். ஒரு மாடலுக்கு ஒருமுறை வரைபடம் போட்டுவிட்டால் அடுத்த வண்டிக்கும் அதுவே ஆகும். கேட்கத்தான் ஆள் இல்லை.

அப்புறம் இன்னும் இரண்டு விஷயம். சீட்டைப் பார்சலாகக் கட்டி விற்காமல், ஹெல்மெட்டோடு எங்கள் வண்டியிலேயே வைத்து உட்கார்ந்து பார்க்க விடுங்கள். இடுப்பு பிடிக்கிறதா, ஹெல்மெட் கூரையில் இடிக்கிறதா, கிளட்ச் முழுசாக அமுங்குகிறதா என்பதெல்லாம் ஷோரூமில் தெரியாது. தேதியையும் மறைக்காதீர்கள். 8855-1999 என்ற எஃப்ஐஏ தர லேபிள் உள்ள சீட்டுக்குத் தயாரித்த வருடத்திலிருந்து 5 வருடம்தான் கணக்கு. நாலு வருடம் குடோனில் கிடந்ததைப் புதுசு என்று விற்பது நியாயமில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் நன்றாக நடக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். நீங்கள் இல்லாமல் எங்களுக்கும் வழியில்லை. பிராக்கெட் செய்ய மூன்று வாரம் ஆகும் என்றால் காத்திருக்கிறோம், கூடுதல் செலவு ஆகும் என்றால் தருகிறோம். இந்த வண்டிக்கு பிராக்கெட் இல்லை என்றால், இல்லை என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தயவுசெய்து யூனிவர்சல் ரெயிலில் வெல்டிங் வைத்துக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்