நிறம் போகிறது, உப்பு போகவில்லை

நோடா, ஜப்பான்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. பையன் எழுதுவதையே மறந்துவிட்டானா என்று ஆத்தா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மறக்கவில்லை. போனில் பேசினால் மழை, மாடு, உடம்பு என்று ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. நீங்கள் கேட்டிருந்ததற்கு அப்படிப் பதில் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. விடிகாலையில் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. பால்கனியில் காயப்போட்ட துண்டு காலையில் அட்டை மாதிரி நிற்கிறது. அம்மா பின்னிக் கொடுத்த குல்லாயைத் தூங்கும்போதும் போட்டுக்கொள்கிறேன். இறங்கும் ரயில் நிலையத்தின் பெயர் ஊங்கா. அதற்கு வாய்க்கால் என்று பொருளாம். பக்கத்திலேயே பழைய கப்பல் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. தினமும் அதன் கரையில்தான் நடந்து போகிறேன். கீழ்பவானி வாய்க்காலின் அகலம்கூட இருக்காது. இருந்தாலும் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போவது ஒரு ஆறுதல்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பது வயதுக்கு மேல். காலை ஆறு மணிக்குத் தம் வாசலைக் கூட்டுவார், பிறகு என் வாசலை, பிறகு யாருக்கும் சொந்தமில்லாத இருபது அடித் தெருவை. பெரியவர் கூட்டுகிறாரே என்று வந்த புதிதில் நான் துடைப்பத்தை வாங்கப் போனேன். பதறிப்போய்ப் பலமுறை குனிந்து வணங்கிவிட்டு, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மறுநாள் கதவருகே என் கை நீளத்துக்கு ஒரு முள்ளங்கி இருந்தது. அதை அரைத்தேங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அரிசியும் பருப்பும் சாதம்தான் சரியாக வரவில்லை. இந்த ஊர் அரிசி பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. சாயந்திரம் ஒரு கடையில் சில மணி நேரம் நிற்கிறேன். ஜப்பானியப் பேச்சு பழகத்தான், வேறொன்றும் இல்லை. கவலைப்பட வேண்டாம்.

வெளிச்சத்தால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் படிப்பாமே, யார் கண்டுபிடித்தது, சாயத் தண்ணீரால் கெட்ட நம் கிணற்றுக்கு ஆகுமா என்று ஊரில் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். கண்டுபிடித்தவரைப் பற்றி முதலில் சொல்கிறேன், அப்பா. அவருடைய கதை உங்களுக்குப் பிடிக்கும்.

பெயர் அகிரா ஃபுஜிஷிமா. 1967-இல் அவருக்கு 25 வயது, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மாணவர். ஆசிரியர் பெயர் கெனிச்சி ஹோண்டா. (மோட்டார் சைக்கிள் ஹோண்டா வேறு.) டைட்டானியம் டை ஆக்சைடு என்று ஒரு பொருள். நம் வீட்டுச் சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயிண்டில் இருப்பதும் அதுதான். அதன் படிகத்தை ஒரு பக்கமும் பிளாட்டினத்தை மறுபக்கமும் தண்ணீரில் வைத்துக் கம்பியால் இணைத்து, படிகத்தின் மேல் விளக்கொளியைப் பாய்ச்சினார். படிகத்திலிருந்து குமிழிகள் கிளம்பின. அது ஆக்சிஜன். பிளாட்டினத்தின் பக்கம் ஹைட்ரஜன். வேறு சில பொருட்கள் இப்படி ஒளி பட்டால் தாமே கரைந்து போகும். இது கரையவில்லை. ஒளி படிகத்திலிருந்து ஒரு எலக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறது. அது போன இடத்தில் ஒரு காலியிடம். அந்தக் காலியிடம் தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கித் தன்னை நிரப்பிக்கொள்கிறது. தண்ணீர் பிரிவது அப்படித்தான்.

தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும் என்பது பாடம். அதைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே நடக்கிறது, மீதியை வெளிச்சம் கொடுக்கிறது என்று இந்த இளைஞர் சொன்னபோது மின்வேதியியல் பெரியவர்கள் முதலில் நம்பவில்லை. 1972-இல் 'நேச்சர்' இதழில் இருவரும் எழுதினார்கள். மறுவருடம் எண்ணெய் நெருக்கடி. வெயிலும் தண்ணீரும் இருந்தால் எரிபொருள் கிடைக்கும் என்றதும் உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று இதற்கு ஹோண்டா - ஃபுஜிஷிமா விளைவு என்றே பெயர்.

ஆனால் வெயிலில் வைத்துப் பார்த்தபோது ஒரு சதுர மீட்டர் தகட்டிலிருந்து நாளெல்லாம் சேர்ந்து ஏழு லிட்டர் ஹைட்ரஜன்தான் கிடைத்தது. இந்தப் பொருள் புற ஊதாக் கதிரைத்தான் எடுத்துக்கொள்ளும். வெயிலில் அது சில சதவீதம் மட்டுமே. எரிபொருளாக இது கட்டுப்படியாகாது.

இந்த இடத்தில்தான் அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை. ஏழு லிட்டர் போதாது என்று படிகத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. இதே ஒளி, இதே காலியிடம், மிகக் கொஞ்சமாக இருக்கிற எதை உடைக்கும் என்று திருப்பிக் கேட்டார். சுவரில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு, கழிவறை நாற்றம், கிருமி. அப்படித்தான் தானே கிருமியைக் கொல்லும் ஓடுகள் ஆஸ்பத்திரி அறுவைச் சிகிச்சை அறைச் சுவருக்கு வந்தன. ஒளி பட்ட அந்தப் பூச்சில் நீர் துளியாக நிற்காமல் படலமாக விரிந்துவிடும் என்பது பிறகு தெரியவந்தது. அதனால் மழை பெய்தால் அழுக்கு தானே வழிந்துவிடுகிறது, கார்க் கண்ணாடியில் துளி நிற்பதில்லை. 2000-இல் இந்தத் துறையைப் பற்றி அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் நம் நாட்டவர் டாடா நரசிங்க ராவும் ஒருவர். எனக்கு அதைப் படித்துத்தான் இங்கே வரும் ஆசை வந்தது. 2004-இல் ஃபுஜிஷிமா ஹோண்டாவோடு ஜப்பான் பரிசு பெற்றார். 2010 முதல் 2018 வரை நான் படிக்கும் டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்தார். 2021-இல் எண்பதை நெருங்கும் வயதில் ஷாங்காய்க்கு ஆராய்ச்சி செய்யப் போய்விட்டார். நான் வந்தபோது அவர் இங்கே இல்லை.

இனி நம் கிணறு. அப்பா, இதற்காகத்தான் இரண்டு முறை கிழித்தேன்.

போன வாரம் நீலச் சாயம் கலந்த ஒரு குவளைத் தண்ணீரில் அதே டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளைப் பொடியைப் போட்டு விளக்கின் கீழ் வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து வரிசையாக வைத்தேன். முதல் குப்பி மயில் கழுத்து நிறம், அடுத்தது வானம், அதற்கடுத்தது வெளுத்த வேட்டிக்குப் போட்ட நீலம். கடைசிக் குப்பி நல்ல தண்ணீர் போலவே இருந்தது. யாரும் சொல்லாமலே அதில் கல் உப்பு கொஞ்சம் கலந்து மறுபடி செய்தேன், சாயப் பட்டறையில் செய்வது போல. நிறம் போயிற்று. உப்பு அளக்கும் கருவியை உள்ளே விட்டேன். எண் குறையவே இல்லை. குறையாது என்று வேதியியல் படித்த எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஐந்து முறை அளந்தேன்.

1992-இல் நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தொட்டியானதும், 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கீழ்த் தோட்டத்தைக் கெடுத்தது சாயம் ஏற்றப் போட்ட உப்பு. ஒளி சாயத்தை உடைக்கும், உப்பை உடைக்காது. அதற்கு மெல்லிய சவ்வு வழியாக வடிகட்ட வேண்டும், அல்லது பல வருட நல்ல மழை வேண்டும். சாயம் கலந்த நீரை வடிகட்டுவதற்கு முன் இந்த முறையால் லேசாக்கலாம் என்பது என் நம்பிக்கை. அந்த வேலையைத்தான் செய்கிறேன். ஊரில் கேட்டால் உள்ளதையே சொல்லுங்கள். ஆத்தாவுக்கு மட்டும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டாம். பேரன் வந்து நொய்யலைத் திருப்பித் தருவான் என்று மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டதாக அக்கா சொன்னாள்.

கீழ்த் தோட்டத்துக்கு விலை கேட்டு வந்தவருக்கு இப்போது வாக்குக் கொடுக்காதீர்கள். கிளுவை வேலியைச் சரி செய்து, கொழுக்கட்டைப் புல் விட்டுக் கொறங்காடாகவே கிடக்கட்டும். மயிலைப் பசு கன்று போட்டதும் அதில் மேயட்டும். கிணற்றுத் தண்ணீரை மழைக்கு முன்பும் பின்பும் ஒரு பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி வையுங்கள். பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம், அதே கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசினால் போதும்.

குட்டிக்குக் காதுகுத்து தை கடைசியில் என்று எழுதியிருந்தீர்கள். டிக்கெட் விலையைப் பார்த்தேன், இந்த முறை வர இயலாது. மாமன் மடி இல்லாமல் எப்படி என்று அக்கா அழுததாக அம்மா போனில் சொன்னார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பெரியப்பா வீட்டு அண்ணனை உட்காரச் சொல்லுங்கள், நானே அவருக்குப் பேசுகிறேன். தோட்டுக்குப் பணம் அடுத்த மாதம் முதல் வாரம் அனுப்புகிறேன். அதற்குள் யாரிடமும் கடன் வாங்க வேண்டாம். சீர்த் தட்டில் என் பெயரைச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அம்மா மூட்டுவலி மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன், நிறுத்தக் கூடாது.

உங்கள் அன்பு மகன்